சேத்தக் முன் ஃபோர்க்: எல்.எம்.எல். போடுவதா, பழையதையே தேற்றுவதா?

தொண்டிப்பையன் | 3 மார்ச் 2024

தாத்தா ஓட்டிய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். பிரேக் பிடித்தால் வண்டி முன்பக்கம் தாழ்ந்து மூக்கைக் குத்துகிறது. பள்ளத்தில் இறங்கினால் ஹேண்டில் வரைக்கும் 'டங்'. எல்.எம்.எல். கம்பெனியின் என்.வி. ஸ்கூட்டரிலிருந்து முன் ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தைத் தாங்குகிற காலை, அப்படியே தூக்கிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும், வெட்டாமல் ஒட்டாமல் உட்காரும் என்கிறார்கள். கடற்கரைப் பக்கம் யாராவது செய்து பார்த்தீர்களா அண்ணே?

வலைக்கடை உச்சிப்புளி | 3 மார்ச் 2024, இரவு

உட்காராது தம்பி. மதுரையில் ஒரு காயலான்கடையில் 1,800 ரூபாய் கொடுத்து அதே ஃபோர்க்கை வாங்கிவந்து, இரண்டு வாரமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

உட்காரும் என்று சொல்பவர்கள் மேலும் தப்பில்லை. இத்தாலிய வெஸ்பாக் கம்பெனி பியாஜ்ஜியோவின் உரிமத்தில் பஜாஜ் 1971 வரை வெஸ்பா செய்தது. 1972-இல் வந்த சேத்தக்கின் உடம்பு வெஸ்பா ஸ்பிரிண்டின் உடம்பு. பிறகு எல்.எம்.எல். பியாஜ்ஜியோவோடு சேர்ந்து அடுத்த தலைமுறை வெஸ்பாவான பி.எக்ஸ். சாயலில் என்.வி. விட்டது. ஒரே தாத்தாவின் பேரன்கள்தான். ஆனால் ஒருத்தன் சட்டை இன்னொருத்தனுக்கு அக்குளில் பிடிக்கும். எனக்குப் பிடித்த இடம் பூட்டு. ஹேண்டில் பூட்டின் நாக்கு விழவேண்டிய பள்ளம் ஃபோர்க்கின் தண்டில் (மேலே ஹேண்டில் வரை போகிற குழாய்) வேறு இடத்தில் இருக்கிறது. மட்கார்டு போல்ட் ஓட்டைகளும் நேர்ப்படவில்லை.

மூக்குக் குத்துவதற்கு ஸ்பிரிங் சுருள் தளர்ந்ததுதான் காரணம். புதுச் சுருள் போடு, பாதி நிற்கும்.

வலைக்கடை | 4 மார்ச் 2024

என் வண்டியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 1986 சேத்தக், அப்பா வாங்கியது. பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து எடுத்த வண்டி. அவருக்குக் கருவாட்டு வியாபாரம். மண்டபத்தில் ஏற்றிப் பரமக்குடிச் சந்தையில் இறக்குவார். மூட்டை பின்சீட்டில் ஒன்று, கால் வைக்கிற தளத்தில் ஒன்று. முன் மூட்டையின் மேல் இரண்டு முழங்காலையும் வைத்துக்கொண்டு போவார், சப்பரத்தில் உட்கார்ந்த சாமி மாதிரி. இருபது வருஷம் அந்த முன் மூட்டையின் கனம் எங்கே போயிருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. ஃபோர்க்கைக் கழற்றும்போது தெரியும் என்று நினைக்கிறேன்.

இரண்டு ஃபோர்க்குக்கும் வித்தியாசம் கேட்டவருக்கு: என் சேத்தக்கில் முன்பக்கம் சுருள் தனி, துள்ளலை அடக்குகிற ஆயில் டம்பர் தனி. எல்.எம்.எல்.-இல் டம்பரைச் சுற்றியே சுருள், ஒரே துண்டு. கழற்றி மாட்ட அது சுலபம். மற்றபடி இரண்டுமே ஒற்றைக்கால் ஃபோர்க், கீழே ஒரு குட்டி லிங்க், அதன் முனையில் சக்கரம்.

வலைக்கடை | 17 மார்ச் 2024

கழற்றியாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

முன் பிரேக் கேபிளும் ஸ்பீடோமீட்டர் கேபிளும் தண்டின் உள்ளே ஓடுகின்றன. அவற்றை உருவியபின் ஃபோர்க்கைச் சாக்கின் மேல் தலைகீழாகப் பிடித்தேன். முதலில் துருப்பொடி. பிறகு மணல், நல்ல வெள்ளை மணல், இரண்டு கை நிறைய. ஒரு சின்னச் சோழிகூட வந்தது. அப்பா மீன் எடுக்க தனுஷ்கோடிப் பக்கம் முகுந்தராயர் சத்திரம் வரை போவார். கடைசி முனையான அரிச்சல்முனைக்கு ரோடு வந்தது 2017-இல்தான், அதற்கு முன் சத்திரத்தைத் தாண்டினால் மணல்தான். அந்த மணல் காற்றில் ஏறி, ஹேண்டில் இடுக்கு வழியாகத் தண்டுக்குள் இறங்கி, அடியில் குடியிருந்திருக்கிறது. அதில் உப்பீரம் வேறு. தண்டின் அடிவளைவில் உள்பக்கம் விரல் விட்டால் அப்பளம் மாதிரி பொருக்கு எழும்புகிறது.

வெளியே நூல் பிடித்துப் பார்த்தேன். தண்டு நேராக இல்லை. கண்ணுக்கே தெரிகிறது. முன் மூட்டைக் கணக்கு.

வலைக்கடை | 18 மார்ச் 2024

'வெல்டிங் கடையில் சூடு காட்டித் தட்டி நிமிர்த்திவிடலாமே' என்று பரமக்குடி நண்பர் எழுதியிருக்கிறார். செய்யாதீர்கள். ஏன் என்று பிறகு எழுதுகிறேன், கடையில் ஆள் நிற்கிறது.

வலைக்கடை | 20 ஏப்ரல் 2024

ஒரு மாதம் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன்னால் எங்களுக்கு வியாபாரம் சூடு. 15-ஆம் தேதி தடை விழுந்தது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எல்லாம் கரையில். இனி லேத்துப் பட்டறைகளில் கூட்டம், ஆனால் அவசரம் இல்லை.

கீழக்கரையில் படகு ஷாஃப்ட் கடைசல் செய்கிற காக்கா (எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவர் இருக்கிறார். ஸ்கூட்டர் என்றதும் முகத்தைச் சுளித்தார். சேத்தக் என்றதும் எழுந்துவந்தார். தண்டை லேத்தில் இரண்டு சென்டருக்கு நடுவே பிடித்துக் கையால் சுற்றினார். அளக்கிற டயல் வைக்கவே இல்லை, சாக்பீஸைக் கிட்டே நீட்டினார். தண்டு ஒரு பக்கம் மட்டும் சாக்பீஸைத் தொட்டுத் தொட்டுப் போனது. நாலு மில்லி ஆட்டம்.

"நிமித்தலாமா காக்கா?"

"நிமித்தலாம். ஒரு தடவ வளஞ்சு நிமுந்த இரும்பு, திரும்ப வளைய வழி கத்துக்கிட்டிருக்கும். படகு ஷாஃப்ட்டுன்னா நடுக்கடல்ல நிக்கும், வேற படகு கட்டி இழுத்துட்டு வரலாம். இதுல நீ முப்பதுல போயிட்டிருப்ப."

அதோடு அப்பாவின் ஃபோர்க் சுவரில் சாய்ந்தது. பரமக்குடி நண்பருக்கு இதுதான் பதில். அடிவளைவில் துருவும் தின்றிருக்கிற தண்டுக்குச் சூடு காட்டுவது இன்னும் மோசம்.

எல்.எம்.எல். ஃபோர்க்கில் பூட்டுப் பள்ளத்தை நானே கிரைண்டரில் வெட்டியிருந்தேன், பெருமையோடு காட்டினேன். காக்கா விரலை அதில் விட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் டீ சொன்னார். டீ வந்தபின் சொன்னார்: "ரெண்டு நூலு ஆழம் போயிருக்க. ஹேண்டில் கனம் முழுக்கத் திரும்புற இடம் இது. கத்திரி போட்ட துணி எங்கேர்ந்து கிழியும்?"

ஆக 1,800 ரூபாய் போச்சு.

வலைக்கடை | 21 ஏப்ரல் 2024

மூன்றாவதாக ஒரு ஃபோர்க். சேத்தக் ஃபோர்க்கேதான். ராமநாதபுரத்தில் பிரித்துக் கிடந்த வண்டியிலிருந்து 900 ரூபாய்க்கு. காக்காவின் சாக்பீஸ் முழுச் சுற்றும் ஒரே மாதிரி கோடு போட்டது. தேடுகிறவர்கள் முதலில் இதைத் தேடுங்கள். சேத்தக்குக்குச் சேத்தக் கிடைக்கிற ஊரில் நான் மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

வலைக்கடை | 5 மே 2024

மாற்றம் ஒன்றுமே செய்யாமல் விடுவேனா? லிங்க் ஃபோர்க்கோடு சேர்கிற கீலில் கைவைத்தேன்.

அதில் ஊசி பேரிங் இருக்கிறது. ஊசி பேரிங் முழுச் சுற்றுச் சுற்றினால் ராஜா. இங்கே அது சுற்றுவதில்லை, கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே, அவ்வளவுதான். ஒரே இடத்தில் அரைத்துக்கொண்டே இருக்கும். உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் ஒவ்வொரு ஊசியும் நடு ஆணியில் (பின்) ஒரு கோடு கீறி, அந்தக் கோட்டிலேயே துருப்பிடித்து நிற்கும். என் பின்னை விரல் நகத்தால் தடவினால் சீப்புப் பல் மாதிரி இருந்தது.

ஊசி பேரிங்குக்குப் பதிலாக, படகு ஷாஃப்ட்டுக்குப் போடுகிற கன்மெட்டல் (வெண்கல வகை) துண்டில் காக்காவிடம் புஷ், அதாவது குழாய் மாதிரி ஒரு உறை, கடையச் சொன்னேன். கடைந்தார். ஆணியும் புதிது. கையில் வாங்கும்போதே சூடாக, பொன் நிறத்தில், வீட்டுக்குக் கொண்டுபோகவே மனசில்லை.

வலைக்கடை | 5 மே 2024, மாலை

எல்லாம் பூட்டி, கோன் செட் (தண்டு திரும்புகிற பேரிங்) இறுக்கி, ஹேண்டில் வைத்து, இரண்டு கேபிளும் கோத்து, தள்ளி நின்று பார்த்தால் மட்கார்டு திண்ணையில் இருக்கிறது.

தெரியாதவர்களுக்கு: இந்த வண்டியில் மட்கார்டின் ஓட்டை வழியாகத்தான் தண்டு மேலே போகிறது. மட்கார்டு போடவேண்டுமென்றால் ஃபோர்க்கை மறுபடி இறக்கவேண்டும். என் மனைவி பார்த்துக்கொண்டுதான் இருந்தாளாம். "ஏதோ காரணமாத்தான் தனியா வெச்சிருக்கீகன்னு நெனச்சேன்" என்றாள்.

வலைக்கடை | 12 மே 2024

முதல் ஓட்டம். உச்சிப்புளியிலிருந்து மண்டபம். 'டங்' போய் 'டக்டக்' வந்திருக்கிறது. முன்சக்கரத்தைக் கையால் பிடித்து ஆட்டினால் கீலில் ஆட்டம்.

புஷ் தேயவில்லை. காக்கா படகு ஷாஃப்ட் கணக்கில் இடைவெளி விட்டிருக்கிறார்! தண்ணீரில் ஓடுகிற ஷாஃப்ட்டுக்கு அது சரி, அதற்குத் தண்ணீரே எண்ணெய். ஸ்கூட்டர் கீலுக்கு 0.05 மில்லி போதும். மறுபடி கடைந்தோம். இந்தத் தடவை நான் கெடுத்தேன். இறுக்கமாக இருக்கட்டும் என்று அவசரப்பட்டு, கிரீஸ் வரி வெட்டாமலே வாங்கிவந்துவிட்டேன். நிப்பிளில் எவ்வளவு அடித்தாலும் கிரீஸ் உள்ளே போக வழியில்லை. மூன்றே நாளில் லிங்க் கல் மாதிரி நின்றுவிட்டது. மூன்றாவது புஷ்தான் இப்போது ஓடுவது. நிப்பிளுக்கு நேரே ஓட்டை, அதிலிருந்து இரண்டு பக்கமும் எட்டு மாதிரி வரி. இரண்டு முனையிலும் ரப்பர் சீல் விட்டுவிடாதீர்கள், மணல் உள்ளே போனால் கன்மெட்டலில் புதைந்து, பின்னை அரம் போல் ராவிவிடும்.

காசு வாங்கவில்லை காக்கா. "என் தப்பு ஒண்ணு, உன் தப்பு ஒண்ணு, கழிஞ்சு போச்சு."

தொண்டிப்பையன் | 13 மே 2024

அண்ணே, புதுச் சுருள் போட்டேன். மூக்கு இன்னும் குத்துகிறதே?

வலைக்கடை | 13 மே 2024

மார்ச் 3-ஆம் தேதி நான் எழுதியது அரைகுறை. என் வண்டியிலும் புதுச் சுருள்தான், குத்துகிறது. மூன்றாவது புஷ் கடையும்போது காக்காவிடம் கேட்டேன், அவர் ஒரு ஸ்பேனரை லிங்க் மாதிரி பிடித்துக் காட்டினார்.

கீல் முன்னால், சக்கர அச்சு பின்னால். பிரேக் ஷூ உட்கார்ந்திருக்கிற தட்டு லிங்க்கோடு சேர்த்து இறுகியிருக்கிறது. பிரேக் பிடித்ததும் ஷூ டிரம்மைக் கவ்வுகிறது. டிரம் தன்னோடு சேர்த்துத் தட்டையும் தான் சுற்றும் பக்கமே திருப்பப் பார்க்கிறது. தட்டு திரும்பினால் லிங்க்கும் திரும்பும். அந்தத் திசையில் திரும்பினால் லிங்க்கின் பின்முனை மேலே எழும், அதாவது சுருள் அமுங்கும். வண்டியின் கனம் முன்னால் சாய்வது போதாதென்று பிரேக்கும் சேர்ந்து மூக்கைக் கீழே இழுக்கிறது. இது தளர்ச்சியே இல்லை, பிறவிக்குணம். 1977-இல் வந்த பி.எக்ஸ். வரிசையில் பியாஜ்ஜியோ முன்பக்கத்தைத் திருத்தியதற்கு இந்தக் குத்தல் ஒரு காரணம். எல்.எம்.எல். ஃபோர்க்கைப் புகழ்கிறவர்கள் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

தட்டை லிங்க்கிலிருந்து விடுவித்து, அச்சில் தானாகச் சுழலவிட்டு, ஒரு கம்பியால் ஃபோர்க்கோடு கட்டினால் குத்தல் குறையும். படம்கூட வரைந்துகொண்டு போனேன். காக்கா ஒரே கேள்வி கேட்டார்: "அந்தக் கம்பி அறுந்தா?" அறுந்தால் தட்டு சக்கரத்தோடு சுற்றும், கேபிள் சுருண்டு சக்கரம் பூட்டிக்கொள்ளும். படத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

பின் பிரேக்கை முதலில் தொடு, முன் பிரேக்கை அப்புறம் பிடி. அப்பா அப்படித்தான் ஓட்டினார், நான்தான் மோட்டார் சைக்கிள் பழக்கத்தில் முன் பிரேக்கைக் கவ்விக்கொண்டிருந்தேன்.

வலைக்கடை | 26 மே 2024

துருவுக்கு என்ன செய்தேன் என்று கேட்டவர்களுக்கு. புது ஃபோர்க்கின் தண்டு உள்ளே ரெட் ஆக்சைடு பெயிண்ட் எட்டாது. வள்ளத்துக்குப் பூசுகிற மீனெண்ணெயை ஊற்றி, இரண்டு முனையையும் துணியால் அடைத்து, ஒரு இரவு உருட்டி உருட்டி வைத்தேன். வடித்ததும் உள்ளே மெல்லிய தோல் மாதிரி பிடித்துக் காய்ந்திருக்கிறது. வேலை செய்கிறது.

ஆனால் பூனைகள். கடை வாசலில் நிறுத்தினால் மூன்று, மண்டபம் ஜெட்டியில் நிறுத்தினால் எண்ணமுடியாது. நேற்று ஒன்று மட்கார்டின் மேல் ஏறி உட்கார்ந்து ஹேண்டிலை நக்கிக்கொண்டிருந்தது.

வலைக்கடை | 9 ஜூன் 2024

பாம்பன் ரோட்டுப் பாலம். 1988-இல் திறந்தது, இரண்டேகால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இந்த மாவட்டத்தில் ஃபோர்க்கைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு தட்டு, பக்கவாட்டில் காற்று, நடுவில் திடீரென்று நிற்கிற சுற்றுலா வேன்.

சோழகக் காற்று தெற்கேயிருந்து தள்ளியது. வண்டி பாம்பாட்டம் ஆடியது. பாலம் தாண்டி நிறுத்தியபோது உள்ளங்கை இரண்டும் நனைந்திருந்தது. புது ஃபோர்க்கே கோணலோ என்று சந்தேகம். என்ஜின் வலது பக்கம் கனம் என்பதால் இந்த வண்டி எப்போதும் வலது சாயும் என்பார்கள், அதுவோ? சாய்த்து உதைத்தால்தான் ஸ்டார்ட் ஆகிற வண்டிக்கு சாய்வைப் பற்றி நாம் என்ன சொல்லிக்கொடுப்பது.

வலைக்கடை | 11 ஜூன் 2024

ஃபோர்க்கும் இல்லை, என்ஜின் கனமும் இல்லை. கோன் செட்.

முன்சக்கரத்தைத் தூக்கிவைத்து ஒரு விரலால் ஹேண்டிலைத் திருப்பினேன். நேராக வரும் இடத்தில் 'டக்' என்று தானாக விழுந்து உட்கார்ந்துகொள்கிறது. கழற்றினால் கீழ்க் கோனில் பேரிங் குண்டு உட்கார்ந்த இடமெல்லாம் குழி, பல்லாங்குழிப் பலகைதான். புது ஃபோர்க்குக்குப் பழைய கோனையே போட்டேனே, ஏன்? 'பார்க்க நன்றாகத்தான் இருந்தது.' அதோடு 'டக்டக்' சத்தம் வந்தபோது கோன்தான் லூஸ் என்று இன்னும் அரைச் சுற்று இறுக்கியதும் நானே. காற்றுக்கு ஏற்ப ஹேண்டில் மயிரிழை திரும்பவேண்டிய நேரத்தில் குழியை விட்டு வர மறுக்கும், வந்தால் அதிகமாக வரும், மறுபடி குழியில் விழும். அதுதான் பாம்பாட்டம்.

கோன், குண்டு, மேலும் கீழும் எல்லாம் புதிது. இறுக்கும் அளவு: ஹேண்டில் தன் கனத்தில் இரண்டு பக்கமும் விழவேண்டும், பிரேக் பிடித்துக்கொண்டு முன்னே பின்னே தள்ளினால் ஆட்டம் இருக்கக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடம் மிகச் சின்னது.

வலைக்கடை | 30 ஜூன் 2024

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. மிச்சம் இருந்த கொஞ்சம் 'டங்'கும் போய்விட்டது. காற்று.

பஞ்சர் கடைத் தம்பி எல்லா டூவீலருக்கும் அடிக்கிற மாதிரி முன் டயருக்கு 35 பவுண்டு அடித்துக்கொண்டிருந்தான். வெஸ்பா வம்சத்துப் பத்து இஞ்ச் டயருக்கு முன்னால் 18 பவுண்டு போதும். பின்னால் தனியாகப் போனால் 25, ஆள் ஏற்றினால் 36. மார்ச்சிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்த சத்தத்தில் எத்தனை பங்கு ஃபோர்க், எத்தனை பங்கு டயர் என்று இப்போது பிரிக்கமுடியாது. தொண்டித் தம்பி, நீ எவ்வளவு அடிக்கிறாய்?

தொண்டிப்பையன் | 30 ஜூன் 2024

32 அண்ணே 😐

வலைக்கடை | 14 ஆகஸ்ட் 2024

ஃபோர்க் மாற்றினால் ஆர்.சி.யில் பிரச்சினை வருமா என்று பரமக்குடி நண்பர் கேட்டது. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வண்டியைக் காட்டவேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. சேத்தக்குக்குச் சேத்தக் ஃபோர்க், உள்ளே வேறு புஷ் என்றால் பிரச்சினை இல்லை. டிஸ்க் பிரேக், இரட்டைக்கால் டெலஸ்கோபிக் என்று போகிறவர்கள் முதலில் அதைக் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

வலைக்கடை | 24 நவம்பர் 2024

20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. சரக்கு கொடுக்கப் போனவன் மாட்டிக்கொண்டேன். வண்டி ஒரு சந்தில் அச்சு முழுக நாலு மணி நேரம் நின்றது.

இன்று கழற்றினேன். டிரம்முக்குள் சேறு, ஷூ ஊறிப்போயிருக்கிறது. கீலில் நிப்பிள் வழியாகக் கிரீஸ் அடித்தால் முதலில் பால் மாதிரி வெள்ளையாக வந்து, பிறகு சுத்தமாக வருகிறது. புஷ்ஷில் கறுப்புகூட இல்லை. தண்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், மீனெண்ணெய்த் தோல் அப்படியே. ஸ்பீடோமீட்டர் கேபிள் மட்டும் இறந்துவிட்டது. அது எப்படியும் 40-க்கு மேல் காட்டியதில்லை.

வலைக்கடை | 20 ஏப்ரல் 2025

6-ஆம் தேதி புது ரயில் பாலம் திறந்ததிலிருந்து ரோட்டுப் பாலத்தில் நின்று படம் எடுக்கிற கூட்டம் இரட்டிப்பு. நேற்று முன்னால் போன கார் சட்டென்று நின்றது. பின் பிரேக், அப்புறம் முன் பிரேக். மூக்கு குத்தியது, ஆனால் நேராகக் குத்தியது.

எல்.எம்.எல். ஃபோர்க் விற்பனைக்கு இருக்கிறதா என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். இல்லை, பூட்டுப் பள்ளம் வெட்டியதை யாருக்கும் கொடுக்கமாட்டேன். கடைச் சுவரில் தலைகீழாக அடித்திருக்கிறேன். பன்னிரண்டு மில்லி நைலான் கயிற்றுச் சுருள் நாலு தாங்குகிறது. அப்பாவின் ஃபோர்க் அதற்குப் பக்கத்தில், அதில் எதையும் மாட்டவில்லை. காக்கா போன வாரம் வந்தபோது இரண்டையும் பார்த்துவிட்டு, "இப்பத்தான் ரெண்டும் சரியான வேலையில இருக்கு" என்றார். தடைக்காலம் தொடங்கிவிட்டது, அவருக்கும் அவசரம் இல்லை. பின் ஷாக்கப்சரைக் கொண்டுபோகலாம் என்று இருக்கிறேன்.